அப்ளை பண்ணியாச்சு... அப்புறம்?

ராத்திரி பதினொன்றரை மணி. ஹாஸ்டல் ரூமில் மூன்று பேர். ஒருத்தன் லேப்டாப்பில் 'சப்மிட்' பட்டனை அழுத்துகிறான். மற்ற இரண்டு பேரும் கண்ணை மூடி, ஆளுக்கு ஒரு சாமியைக் கூப்பிடுகிறார்கள். 'உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது' என்று ஒரு மெயில் வருகிறது. உடனே விசில், கைதட்டல், ஆளுக்கொரு டீ!

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பிக்கிறது அந்த வியாதி. பல் தேய்க்கும்போது மெயில் பார்ப்பது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே மெயில் பார்ப்பது, லேபில் வைவா நடக்கும்போது டேபிளுக்கு அடியில் மெயில் பார்ப்பது! ஒரு வாரம் போகும். ரெண்டு வாரம் போகும். இன்பாக்ஸில் பீட்சா ஆஃபர் வரும், லோன் வேணுமா என்று வரும். வர வேண்டியது மட்டும் வராது.

''ரெஸ்யூமே எப்படி எழுதணும், இன்டர்வியூவுக்கு என்ன கலர் சட்டை போடணும்னு சொல்லித்தர ஊர் முழுக்க ஆள் இருக்கு. அனுப்பினதுக்கும் அவங்க கூப்பிடறதுக்கும் நடுவுல இருக்கிற பாழாப்போன மூணு வாரத்துல என்ன பண்ணணும்னு ஒருத்தரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்களே மச்சி!'' என்று புலம்பினான் ரூம்மேட்.

நியாயமான புலம்பல். எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. ஆனால், பதில் தெரியாததால் ஒருத்தர் எவ்வளவு இழந்தார் என்பது தெரியும். அவர் என் அண்ணன்.

41 நாள் மௌனம்

பெரியம்மா பையன். திண்டுக்கல். 2024-ல் மெக்கானிக்கல் முடித்தார். படிப்புக்கு பேங்க் லோன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பது கல்விக் கடன் எடுத்த எல்லாருக்கும் மனப்பாடமான விஷயம். அந்த ஒரு வருஷம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கும்போது, அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னி இன்ஜினீயர் வேலைக்கு அப்ளை பண்ணினார். அவர் படித்ததற்கும் செய்த புராஜெக்டுக்கும் அப்படியே பொருந்துகிற வேலை.

அப்புறம் காத்திருந்தார். காத்திருந்தார் என்றால் சும்மா இல்லை... வேறெந்த வேலைக்கும் அப்ளை பண்ணாமல் காத்திருந்தார். ''அது எப்படியும் வந்துடும்மா'' என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. 'ஒரு போன் போட்டுக் கேளேன்' என்று நான்கூடச் சொன்னேன். ''போன் போட்டா சீப்பா நினைப்பாங்கடா. வேலைக்கு அலையறான்னு தோணும்'' என்றார்.

41-வது நாள், பெரியப்பா போட்ட சத்தத்தில் வேறு வழியில்லாமல் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு மேடம் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான். ''9-ம் நாளே உங்களைக் கூப்பிட்டோமே தம்பி... ரெண்டு தடவை. ஸ்விட்ச்டு ஆஃப்னு வந்துச்சு. மெயிலும் போட்டோம். போன வாரம்தான் வேற ஒருத்தரை எடுத்தோம்.''

ரெஸ்யூமேயில் இருந்தது ஃபைனல் இயரில் வாங்கிய ஹாஸ்டல் சிம் நம்பர். காலேஜ் முடிந்ததும் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதில் அந்த சிம் எப்போதோ செத்துப்போயிருந்தது. மெயில்? ஸ்பாம் ஃபோல்டரில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அண்ணன் மொட்டை மாடிக்குப் போனவர், சாப்பிடக்கூட இறங்கி வரவில்லை. 'பத்தாவது நாள் ஒரே ஒரு போன் போட்டிருந்தால்...' என்கிற அந்த 'இருந்தால்' இருக்கிறதே, அது இன்டர்வியூவில் தோற்பதைவிடக் கொடுமை.

அந்தப் பக்கம் என்னதான் நடக்குது?

நாம் 'சப்மிட்' அழுத்தினதும் அந்த ரெஸ்யூமே எங்கே போகிறது? எங்கள் காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தர், சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கும் டீமில் இருக்கிறார். 'பேர் மட்டும் போட்டுடாதே ப்ளீஸ்' என்ற கண்டிஷனோடு பேசினார்.

''நீங்க எல்லாரும் என்ன நினைக்கறீங்கன்னா, உங்க ரெஸ்யூமேயை ஒருத்தர் உட்கார்ந்து படிச்சு, 'ச்சே, இவன் வேண்டாம்'னு தூக்கிப்போட்டதாலதான் பதில் வரலைன்னு! பாதி நேரம் கதையே வேற. ஃப்ரெஷர் போஸ்ட் ஒண்ணு போட்டா ரெண்டே நாள்ல நூத்துக்கணக்குல வந்து குவியும். முதல்ல சாஃப்ட்வேர் ஒண்ணு வடிகட்டும். எந்த டிகிரி, எந்த வருஷம் முடிச்சீங்க, என்ன ஸ்கில்னு பார்க்கும். அதுல தாண்டினது எங்ககிட்ட வரும். நாங்க பொறுக்கி எடுத்து மேனேஜருக்கு அனுப்புவோம். அவர் லீவுல இருப்பார். இல்லைன்னா புது புராஜெக்ட் கையெழுத்தாகலைன்னு 'கொஞ்சம் பொறுங்க'ன்னுடுவார். அந்த 'கொஞ்சம்' சில சமயம் ஒரு மாசம். அதுவரைக்கும் உங்களுக்கு 'யெஸ்'ஸும் சொல்ல முடியாது, 'நோ'வும் சொல்ல முடியாது. எனக்கு இது மாதிரி ஒரே நேரத்துல எட்டு, பத்து போஸ்ட் ஓடிட்டிருக்கும்'' என்று மூச்சு விடாமல் சொன்னார்.

சரி, அப்போ நாம் கேட்டால் அவர்களுக்குத் தொல்லைதானே?

''கேக்கறது தொல்லையே இல்லை. எப்படிக் கேக்கறீங்கங்கறதுதான் மேட்டர். 'எனி அப்டேட்?'னு ரெண்டு வார்த்தையில ஒரு மெயில் வரும். யாரு நீ, எந்த போஸ்ட், எப்ப அப்ளை பண்ணினே... ஒண்ணும் இருக்காது. அதை நான் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அடுத்த வேலை வந்துடும். அதையே நாலு வரியில தெளிவா எழுதினா, ஒரே நிமிஷத்துல பார்த்துப் பதில் போட்டுடுவேன்'' என்றார் அக்கா.

அவர் சொன்னதில் எனக்குப் பொறி தட்டிய இடம் ஒன்று உண்டு. வெறும் 'என்னாச்சு?' என்று கேட்பதைவிட, புதிதாக ஒரு தகவலோடு வருகிற மெயிலுக்குத்தான் பதில் போடத் தோன்றுமாம். போன் நம்பர் மாறியிருக்கிறது, புராஜெக்ட் முடிந்துவிட்டது, இன்னொரு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்... இப்படி ஏதாவது ஒன்று. ஆனால் ஒரு எச்சரிக்கை. இல்லாத ஆஃபரை இருக்கிறதாக அடித்துவிடாதீர்கள். 'சரி, அதுலயே சேர்ந்துக்கோங்க, வாழ்த்துகள்!' என்று பதில் வந்தால் அழக்கூட முடியாது.

எப்போ கேட்கலாம்?

அக்கா, எங்கள் காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீஸர் சார், வேலைக்குப் போய்விட்ட நாலைந்து சீனியர்கள்... எல்லாரையும் கேட்டதில் கிடைத்த கணக்கு இது.

* விளம்பரத்திலோ மெயிலிலோ 'இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்' என்று இருந்தால், அந்தத் தேதி வரை வாயைத் திறக்கக் கூடாது. தேதி தாண்டி ரெண்டு வேலை நாள் விட்டுக் கேட்கலாம். 'நீங்கள் சொன்ன தேதி முடிந்தது' என்று குத்திக்காட்டாமல்!

* தேதியே சொல்லவில்லையா? அப்ளை பண்ணி ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். அப்போது முதல் மெயில்.

* அதற்கும் பதில் இல்லையென்றால், இன்னும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ரெண்டாவது மெயில். அல்லது ஒரு போன்.

* அதற்கும் மௌனம்தானா? அதுதான் பதில். மூணாவது கிடையாது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

* இன்டர்வியூ முடித்து வந்திருந்தால் கணக்கு வேறு. அன்றைக்கு சாயங்காலமோ மறுநாளோ ஒரு நன்றி மெயில். ரெண்டு வரி போதும். இன்டர்வியூ அறையை விட்டு வரும் முன்னாலேயே, 'ரிசல்ட் எப்ப சார் எதிர்பார்க்கலாம்?' என்று கேட்டுவிட்டால் இன்னும் உத்தமம். அந்தத் தேதி உங்கள் கையில் இருந்தால் பாதி டென்ஷன் காலி!

''இன்னொண்ணு எழுதிக்கோ'' என்றார் பிளேஸ்மென்ட் சார். ''கேம்பஸ்ல வந்த கம்பெனின்னா பசங்க நேரா கூப்பிடக் கூடாது. எங்க ஆபீஸ் வழியாத்தான் கேக்கணும். ஒரே கம்பெனிக்கு நாப்பது பேர் தனித்தனியா போன் போட்டா, அடுத்த வருஷம் அவங்க நம்ம காலேஜ் பக்கமே வர மாட்டாங்க!''

யாரிடம் கேட்பது?

'நோ-ரிப்ளை' என்று ஆரம்பிக்கிற ஐ.டி.க்குப் பதில் எழுதுவது, பூட்டின வீட்டுக் கதவில் கடிதம் ஒட்டுகிற மாதிரி. யாரும் படிக்க மாட்டார்கள். உங்களிடம் பேசிய, அல்லது மெயில் போட்ட ஹெச்.ஆர். பெயர் இருந்தால் அவருக்கே. அவர் போட்ட பழைய மெயிலுக்கே 'ரிப்ளை' கொடுத்தால், முன்கதை முழுக்க அதிலேயே இருக்கும். பெயர் எதுவும் இல்லையென்றால் கம்பெனி வெப்சைட்டில் இருக்கும் வேலைவாய்ப்பு மெயில் ஐ.டி. அல்லது ஆபீஸ் லேண்ட்லைன்.

லிங்க்ட்இன்னில் தேடிக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் எம்.டி.யில் ஆரம்பித்து வாட்ச்மேன் வரை ஒரே மெசேஜை காப்பி, பேஸ்ட் பண்ணி அனுப்பாதீர்கள். அவர்கள் எல்லாரும் ஒரே கேன்டீனில்தான் சாப்பிடுகிறார்கள், பேசிக்கொள்வார்கள்!

கம்பெனி போர்ட்டலில் 'அண்டர் ரிவ்யூ' என்று காட்டுகிறதா? அதை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் ஜோசியம் பார்க்க வேண்டாம். ஆள் எடுத்து முடித்த பிறகும் அந்த வார்த்தையை மாற்ற மறந்துவிடுகிற கம்பெனிகள் உண்டு என்கிறார் அக்கா.

அஞ்சு வரி மெயில்

மெயில் எப்படி இருக்கணும்? அனுப்பப்போவது ஆங்கிலத்தில்தான் என்றாலும், விஷயம் இதுதான்.

பொருள்: டிரெய்னி இன்ஜினீயர் வேலை, விண்ணப்ப எண், உங்கள் பெயர்.

வணக்கம் மேடம். கடந்த 3-ம் தேதி மேற்கண்ட வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன்.

தேர்வு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த கட்டத்தை எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

விண்ணப்பித்த பிறகு என் ஃபைனல் இயர் புராஜெக்ட் முடிந்துவிட்டது. அதன் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

என்னை இந்த மொபைல் எண்ணில் எப்போதும் தொடர்பு கொள்ளலாம். நன்றி.

அவ்வளவுதான்! 'என் குடும்பமே இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது' என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் மெயிலில் வேண்டாம். அவர்கள் இரக்கப்பட்டு வேலை தரப்போவதில்லை, பயந்துபோய் பதில் போடாமல் விட்டுவிடுவார்கள். 'ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை?' என்கிற தொனியும் வேண்டாம். 'எந்தக் கட்டம்? எப்போது?' இந்த ரெண்டு கேள்வி போதும்.

போனில் என்றால், காலையில் 11 மணிக்கு மேலே, இல்லை சாயங்காலம் 3 மணிக்கு மேலே. திங்கட்கிழமை காலை ஆபீஸ்களில் மீட்டிங் மழை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் 'அப்புறம்' என்ற பதில்தான் வரும். பேர், என்ன போஸ்ட், எந்தத் தேதி அப்ளை பண்ணினீர்கள்... இந்த மூன்றையும் முதல் மூச்சில் சொல்லிவிட்டு, 'இப்ப ஒரு நிமிஷம் பேசலாங்களா?' என்று கேளுங்கள். 'இப்ப பிஸி' என்றால், 'எப்ப கூப்பிடட்டும் மேடம்?' என்று நேரம் வாங்கிவிட்டு வையுங்கள். பஸ் ஸ்டாண்டு, கேன்டீன், கிரிக்கெட் கிரவுண்டு... இங்கிருந்தெல்லாம் கூப்பிட வேண்டாம் தெய்வங்களே!

நான் வாங்கிய குட்டு

இவ்வளவு அட்வைஸ் பண்ணுகிற நான் ஒழுங்கா என்று கேட்டால்... இல்லை!

அண்ணன் கதையைப் பார்த்து பயந்துபோன நான், நேர் எதிர்ப் பக்கம் போய் விழுந்தேன். கோயம்புத்தூர், பம்ப்செட்டுக்கும் மோட்டாருக்கும் பேர் போன ஊர். நான் படிப்பது எலெக்ட்ரிகல். கணபதி பக்கம் மோட்டார் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இன்பிளான்ட் டிரெய்னிங் கேட்டு மெயில் போட்டேன். மறுநாள் ஒரு மெயில். அதற்கு மறுநாள் ஒன்று. நாலாவது நாள் ஓனர் நம்பரைத் தேடிப் பிடித்து, ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் 'சார், எனி அப்டேட்?' ரெண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. உடனே இன்னொரு மெசேஜ் தட்டினேன். வெறும் ஒரு கேள்விக்குறி!

மறுநாள் காலை அவரே போன் போட்டார்.

''ஏன் கண்ணு... நீ கேட்டதுல தப்பே இல்லை. உங்க வயசுல நானும் இப்படித்தான் ஒவ்வொரு பட்டறையா ஏறி இறங்கினேன். ஆனா ராத்திரி நேரத்துல வெறும் கேள்விக்குறி அனுப்பற பாத்தியா, அது நான் உனக்குக் கடன் பாக்கி வெச்ச மாதிரி இருக்குது. எனக்கு இந்த மாசம் ஆர்டர் நெருக்கடி. மெயில் பாக்கறதே ஞாயித்துக்கிழமைதான். உனக்கு எந்தத் தேதியில லீவு, எத்தனை நாள் வருவே, என்ன கத்துக்கணும்... மூணு மெயில் போட்டியே, ஒண்ணுலயாவது அதைச் சொன்னியா?''

சொல்லவில்லை. மூன்று மெயிலிலும் 'எனி அப்டேட்' மட்டும்தான் இருந்தது. காது வரை சிவந்துபோய், ''ஸாரி சார்'' என்றேன். அன்றைக்கே தேதி, நாள் கணக்கு எல்லாம் எழுதி ஒரே ஒரு மெயில் போட்டேன். இந்தத் தடவை விரலைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். பதினோராவது நாள், 'செமஸ்டர் லீவுக்கு வா' என்று பதில் வந்தது. ரெண்டு வாரம் காயில் சுற்றக் கற்றுக்கொண்டதைவிட, மெயில் எழுதக் கற்றுக்கொண்டதுதான் பெரிய டிரெய்னிங்!

கேட்காமலே இருந்து இழந்தது அண்ணன். கேட்டுக் கேட்டே கெடுக்கப் பார்த்தது நான். ரெண்டுக்கும் காரணம் ஒன்றுதான், பயம்.

முப்பது ரூபாய் கிளார்க்

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு சீனியர் இருக்கிறார். 1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். காலேஜில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டவர்... நம்ம கணித மேதை ராமானுஜன்தான்!

1912 பிப்ரவரி 9-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். வெறும் விண்ணப்பம் இல்லை. பிரசிடென்சி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதமும் கூடவே இருந்தது. மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்துவிட்டார். மாதம் 30 ரூபாய் சம்பளம்.

அப்புறம்தான் பெரிய விண்ணப்பம். தன் கணக்குகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேக்கர், ஹாப்சன் என்ற ரெண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களிடமிருந்து உதவி எதுவும் கிடைக்கவில்லை. அவர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. 1913 ஜனவரி 16-ம் தேதி மூன்றாவது ஆளுக்கு எழுதினார். அவர் ஹார்டி. பிப்ரவரி 8-ம் தேதி ஹார்டி பதில் எழுதினார். 27-ம் தேதியே ராமானுஜனின் அடுத்த கடிதம் கிளம்பிவிட்டது, இன்னும் பல புதுத் தேற்றங்களோடு! அது கப்பலில் தபால் போன காலம். கடல் தாண்டி வர எடுத்த நாளைக் கழித்துப் பார்த்தால், கடிதம் கைக்கு வந்த சூட்டோடு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

அக்கா சொன்னதும் இதேதானே? பதில் வராத கதவைவிட்டு அடுத்த கதவுக்குப் போவது. பதில் வந்த கதவில் புதிதாக ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் நிற்பது. நூறு வருஷத்துக்கு முன்னாலும் சூத்திரம் ஒன்றுதான்.

கவர்ன்மென்ட் வேலைன்னா?

அங்கே இந்த மெயில், போன் எதுவும் செல்லாது. விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேர்வாணைய வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் ஃபாலோ-அப். ஆனாலும் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தில், 'நான் கொடுத்த மனு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?' என்று எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தனியார் கம்பெனிகளிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

இன்னொன்றும் மறந்துவிடக் கூடாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதை 3 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ப்ளஸ் டூ முடித்தபோது பதிந்ததை அப்படியே மறந்துபோனவர்கள் கையைத் தூக்குங்கள்... அடேயப்பா, எத்தனை கை!

உஷார் பாஸ்!

நாம் பதிலுக்கு ஏங்கிக்கிடக்கும் நேரம் பார்த்துத்தான் திருட்டுக் கூட்டமும் வரும். 'நீங்கள் அப்ளை பண்ணிய வேலைக்கு செலக்ட் ஆகிவிட்டீர்கள், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 2,500 ரூபாய் அனுப்புங்கள்' என்று ஒரு போன் வரும். எங்கள் டிபார்ட்மென்டிலேயே ஒருத்தன் அனுப்பினான். அதோடு அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

இன்டர்வியூ இல்லாமல் வேலை கொடுக்கிறேன் என்றாலோ, ரிஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங், லேப்டாப் டெபாசிட் என்று காசு கேட்டாலோ ஒரு நிமிஷம் நில்லுங்கள். கம்பெனி வெப்சைட்டில் உள்ள லேண்ட்லைனுக்கு நீங்களே போன் போட்டு, 'இப்படி ஒருத்தர் கூப்பிட்டார், உண்மையா?' என்று கேளுங்கள். அதுவும் ஃபாலோ-அப்தான்! பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல், உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை மடக்க அவ்வளவு வாய்ப்பு.

இதைப் படித்துவிட்டு, தெரியாத நம்பர் என்றாலே கட் பண்ணிவிடாதீர்கள். சென்னை என்றால் 044, பெங்களூரு என்றால் 080, கோவை என்றால் 0422 என்று லேண்ட்லைனிலிருந்தும் இன்டர்வியூ அழைப்பு வரலாம். அப்ளை பண்ணின அந்த மூணு வாரம் மட்டுமாவது போனை எடுங்கள். தினமும் ஒருமுறை ஸ்பாம் ஃபோல்டரையும் எட்டிப் பாருங்கள்.

ஆஃபர் லெட்டரே கைக்கு வந்துவிட்டாலும் ஃபாலோ-அப் முடிவதில்லை. 2022-ல் கேம்பஸில் ஆஃபர் வாங்கிவிட்டு, ஜாய்னிங் தேதிக்காக 2024 வரை காத்திருந்த இன்ஜினீயர்கள் பற்றி செய்திகளில் படித்திருப்பீர்கள். அதனால் ஜாய்னிங் தேதியை மெயிலில், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேதி வரும்வரை மற்ற கதவுகளைச் சாத்திவிடாதீர்கள்.

ஒரு குயர் நோட்டு

மறுபடியும் அண்ணனிடம் வருகிறேன். மொட்டை மாடியிலிருந்து மறுநாள் இறங்கி வந்தவர், முதலில் செய்தது ரெஸ்யூமேயில் நம்பரை மாற்றியது. ரெண்டாவது, ஒரு குயர் நோட்டு வாங்கியது. கம்பெனி, என்ன வேலை, அப்ளை பண்ணின தேதி, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள், அடுத்து எப்போது கேட்க வேண்டும் என்று ஆறு கட்டம். எக்ஸெல்லில் போடலாமே என்றேன். ''நோட்டைத் திறந்தா எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குதுடா. ஒண்ணையே நினைச்சுட்டு உட்கார விடாது'' என்றார்.

நாலு மாதத்தில் முப்பத்திரண்டு வரி நிறைந்தது. அதில் ரெண்டு இடத்தில் இன்டர்வியூ வரை போனார். ஒன்று ஓசூர். இன்னொன்று சென்னையில், அவர் ரொம்ப ஆசைப்பட்ட கம்பெனி. ஓசூர்க்காரர்கள் ஆஃபர் கொடுத்து, 'வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்' என்றார்கள். சென்னையிடமிருந்து சத்தமே இல்லை.

பழைய அண்ணனாக இருந்தால் சென்னைக்காகக் காத்திருந்து ஓசூரையும் விட்டிருப்பார். இந்தத் தடவை திங்கட்கிழமை சாயங்காலமே சென்னைக்கு மெயில் போட்டார். 'எனக்கு வேறு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கம்பெனியில் சேரத்தான் எனக்கு விருப்பம். தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?'

புதன்கிழமை மதியம் பதில் வந்தது. 'மன்னிக்கவும். இந்த வேலையை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்.'

வருத்தம்தான். ஆனால், இந்தத் தடவை அவர் மொட்டை மாடிக்குப் போகவில்லை. ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, வியாழக்கிழமை ஓசூருக்கு 'சரி' சொன்னார். லோன் தவணை ஆரம்பித்தபோது, முதல் மாதத் தவணையே அவர் சம்பளத்திலிருந்துதான் போனது.

''அந்த மெயில் உனக்கு சென்னை வேலையை வாங்கித் தரலையேண்ணா?'' என்று போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டேன்.

''வேலையை எங்கடா வாங்கித் தரும்? பதிலை வாங்கித் தந்துச்சுல்ல. முன்னாடியெல்லாம் அம்மா, 'என்னப்பா ஆச்சு?'ன்னு கேட்டா, தெரியலைம்மான்னு சொல்றதுதான் எனக்கு ரொம்ப அசிங்கமா இருக்கும். அன்னிக்கு, 'இல்லைன்னுட்டாங்கம்மா, ஓசூர் போறேன்'னு சொன்னேன். அவங்களும் நிம்மதியா தூங்கினாங்க, நானும் தூங்கினேன்'' என்றார்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள் ஃப்ரெண்ட்ஸ். உங்கள் ரெஸ்யூமேயைத் திறந்து, அதில் இருக்கும் நம்பருக்கு உங்கள் ஃப்ரெண்ட் போனிலிருந்து ஒரு ரிங் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பாக்கெட்டில் சத்தம் கேட்டால்... ஆல் தி பெஸ்ட்!